கடலூர் மழைக்குத் தப்பிய மல்லிக் கவாத்து

குண்டுமல்லி புதுத் துளிரில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் நடுச்செடி வெறும் காய்ந்த குச்சிதான். கிளைகளை வெட்டிக் குறைக்கும் இந்தக் கவாத்துக்கு நவம்பர் கடைசி வாரம் என்பது பொதுக் கணக்கு. கடலூர், புதுச்சேரியில் அப்போது வடகிழக்குப் பருவமழை. ஈரத்தில் வெட்டுவாய் அழுகி, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். மழை ஓயட்டும், டிசம்பர் கடைசியானாலும் பரவாயில்லை.

முன்கூட்டியே தண்ணீரை நிறுத்தினால் இலை உதிர்ந்து கிளை தெளிவாகத் தெரியும். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். மொண்ணைக் கத்தரி வேண்டவே வேண்டாம். பட்டை நசுங்கினால் அந்தக் கணு துளிர்க்காது. காய்ந்த, பின்னிய கிளைகளை அடியோடு எடுத்துவிடலாம். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுங்கள்.

செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி. பிறகே தண்ணீர். கடலோர மணலில் யூரியாவை மட்டும் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள், மொத்தமாகப் போட்டால் தண்ணீரோடு இறங்கிவிடும்.