வேனில் இரண்டாவது பேட்டரி: வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏற்றுவது எப்படி

வால்பாறையில் ஒரு விடியற்காலை என் வேன் செல்ஃப் எடுக்கவில்லை. முந்தைய இரவு ஃபேன், இரண்டு எல்இடி விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாமே என்ஜின் பேட்டரியில்தான் ஓடின. அம்மாவும் குழந்தைகளும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, ஜம்பர் கேபிள் போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். கோவை திரும்பியதும் முதல் வேலையாக இரண்டாவது பேட்டரி வைக்க ஆரம்பித்தேன். எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டரை வாரம் ஒரே ஒரு போல்ட்டுக்காகப் போனது. அது தெரிந்தால் நீங்கள் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

என்னுடையது 2016 மாடல் டெம்போ டிராவலர், 12 வோல்ட் வண்டி. பின்னால் படுக்கைக்குக் கீழே 100 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. வண்டி பேட்டரியிலிருந்து அதுவரை கேபிள் ஓடும் தூரம் 5 மீட்டர். உங்கள் வண்டி 24 வோல்ட்டாக இருந்தால் கீழே வரும் எண்கள் பொருந்தாது. 24-லிருந்து 12-க்கு இறக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். இது வயரிங் வேலை மட்டும். சீட்டைக் கழற்றுவது, கூரையை வெட்டுவது என்று போனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். அதற்கு முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது?

பலர் சொல்வது ரிலேதான். என்ஜின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். பழைய ஆசிட் பேட்டரிக்கு இது போதும், விலையும் குறைவு. லித்தியத்துக்கு நான் வேண்டாம் என்பேன். லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட்டில் நிற்கும். அதனால் என்ஜினை அணைத்த பிறகும் ரிலே பிரியாமல் இருக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்று, லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. காலியான பேட்டரியைச் சேர்த்தால் டைனமோ தரக்கூடியதை எல்லாம் இழுக்கும். ஐடிலில் காற்றோட்டம் குறைவாக இருக்கும்போது டைனமோ அப்படி உழைத்தால் சூடேறி எரிந்தே போகலாம்.

ஆகவே, வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட்டை வாங்கி இரண்டாவது பேட்டரிக்கு ஏற்றும் டிசி டு டிசி சார்ஜர். நான் வாங்கியது விக்ட்ரான் ஓரியன், 12/12, 30 ஆம்பியர், ஐசொலேட் செய்யாத வகை (உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் நெகட்டிவ் ஒன்றேதான்). பேட்டரிக்கு 30 ஆம்பியருக்கு மேல் கொடுக்காது, பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜை அதுவே ஏற்றிக் கொடுக்கும், போனிலேயே செட்டிங் மாற்றலாம். வேறு நல்ல கம்பெனி சார்ஜரும் போடலாம். டைனமோவின் தகட்டில் இருக்கும் ஆம்பியரில் பாதிக்கு மேல் சார்ஜர் இழுக்கக் கூடாது என்பது என் கணக்கு. இரவில் ஹெட்லைட், வைப்பர், ஏசி ப்ளோயர் எல்லாவற்றுக்கும் அதே டைனமோதான்.

கேபிளும் ஃபியூஸும்

வெளியே 30 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர், உள்ளே 38 ஆம்பியர் வரை இழுக்கும். குறைந்த வோல்டேஜில் வாங்கி அதிக வோல்டேஜில் கொடுக்கிறது, நடுவில் கொஞ்சம் சூடாகவும் போகிறது. போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று 10 மீட்டர் காப்பரில் 38 ஆம்பியர் போனால், 6 ஸ்கொயர் எம்எம் கேபிளில் 1.25 வோல்ட் காணாமல் போகும். 16 ஸ்கொயர் எம்எம்மில் 0.46, 25-இல் 0.3. நான் போட்டது 16. வசதி இருந்தால் 25 போடுங்கள், பின்னால் பெரிய சார்ஜருக்கு மாறினாலும் கேபிளை மாற்ற வேண்டியிருக்காது.

வீட்டு வயரிங் கேபிளை விட வெல்டிங் கேபிள் எனக்குப் பிடிக்கும். நூல் நூலாக மெல்லிய கம்பிகள் இருப்பதால் வண்டி அதிர்வில் ஒடியாது, வளைத்துக் கொண்டுபோவதும் சுலபம். ஆனால் அலுமினியத்திலும் வெல்டிங் கேபிள் வருகிறது. ஆடியோ கடைகளில் காப்பர் பூசிய அலுமினியமும் கிடைக்கும். கடையிலேயே ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

ஃபியூஸ் இரண்டு வேண்டும்: வண்டி பேட்டரி பக்கம் ஒன்று, லித்தியம் பக்கம் ஒன்று. இரண்டும் 60 ஆம்பியர், இரண்டும் அந்தந்த பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் கேபிளைக் காப்பாற்ற இருக்கிறது. கேபிள் நடுவில் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பேட்டரியுமே அதற்குள் கரண்ட்டைக் கொட்டும். அதனால் ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாது. போல்ட் வைத்து முடுக்கும் மிடி ஃபியூஸ் போடுங்கள். கண்ணாடி ஃபியூஸ் இந்த ஆம்பியரில் சூடாகி ஹோல்டரை உருக்கும்.

கேபிள் முனையில் போல்ட் மாட்டும் வளையமான லக்கை அடிக்க ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல்தான் சரி. சுத்தியலால் அடித்த லக், பார்க்க இறுக்கமாக இருந்தாலும் இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும். டூல் வாங்க வேண்டாம் என்றால், கேபிளை அளந்து வெட்டி எலக்ட்ரிக்கல் பேனல் செய்பவர்களிடம் கொண்டுபோங்கள், ஐந்து நிமிடத்தில் அடித்துக் கொடுப்பார்கள். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

இழுப்பது, மாட்டுவது

முதலில் வண்டி பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். பாசிட்டிவ்வில் ஸ்பானர் வைக்கும்போது அது பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கேபிளை ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள் விட்டு, சைலன்சர் பக்கம் போகாமல், சேசிஸை ஒட்டிக் கட்டுங்கள். தகர ஓட்டை வரும் ஒவ்வோர் இடத்திலும் கேபிள் உரசாமல் இருக்க ரப்பர் கிராமெட் (வளையம்). சார்ஜரை நிமிர்த்தி, மேலும் கீழும் 10 சென்டிமீட்டர் காலி விட்டு மாட்டுங்கள். நான் முதலில் படுக்கைப் பெட்டிக்குள் அடைத்து வைத்தேன். சித்திரை வெயிலில் அது தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொண்டது. பெட்டியில் இரண்டு பக்கமும் துளை போட்ட பிறகு சரியானது.

எர்த்: என் இரண்டரை வாரம்

பாசிட்டிவ்வை இத்தனை கவனமாக இழுத்தேன். நெகட்டிவ்வுக்கு, சார்ஜருக்குப் பக்கத்தில் தரையில் இருந்த சீட் போல்ட்டில் லக்கை மாட்டி முடுக்கினேன். வண்டி முழுக்க இரும்புதானே, எங்கே மாட்டினாலும் எர்த்துதான் என்று நினைத்தேன்.

என்ஜினைப் போட்டால் சார்ஜரின் விளக்கு எரியும், சார்ஜ் ஏறத் தொடங்கும். பத்து விநாடியில் அணையும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எரியும், மறுபடி அணையும். மீட்டர் வைத்தால் சார்ஜர் முனையில் 14.0 வோல்ட். சார்ஜர்தான் கோளாறு என்று கடையில் கொடுத்து மாற்றினேன். புதியதும் அதையேதான் செய்தது. செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். டைனமோவைக்கூடக் கழற்றிச் சோதித்தேன்.

கடைசியில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் சார்ஜரைத் தொடவே இல்லை.

"தம்பி, மீட்டரை எப்ப வச்சுப் பாத்தீங்க? எரியறப்பவா, அணைஞ்சப்புறமா?"

"அணைஞ்சப்புறம்தான் அண்ணே. எரியறது பத்து செகண்டுதானே."

"தண்ணி ஓடாத பைப்புல அடைப்பு தெரியுமா?"

பதில் அவ்வளவுதான். கரண்ட் போகாதபோது வோல்டேஜ் குறைவதற்கு வாய்ப்பே இல்லை. 38 ஆம்பியர் ஓடும்போது அளக்க வேண்டும். என்ஜின் நின்றதாக எண்ணி 13.1 வோல்ட்டில் அணையும்படி சார்ஜரை வைத்திருந்தேன். அதைத் தற்காலிகமாக 12-க்கு இறக்கி, தொடர்ந்து ஓடவிட்டு அளந்தோம். நீங்களும் இதைச் செய்யாமல் வேலையை முடிக்காதீர்கள்:

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். என்ஜின் ஓட வேண்டும், சார்ஜர் எரிய வேண்டும். ஒரு முனையை வண்டி பேட்டரியின் பாசிட்டிவ் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். மறுமுனை சார்ஜரின் பாசிட்டிவ் உள்வாயில். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். எனக்கு 0.25, சரியான அளவு. அடுத்து நெகட்டிவ்: பேட்டரி நெகட்டிவ் குமிழில் ஒன்று, சார்ஜர் நெகட்டிவ்வில் ஒன்று. எனக்கு 0.9.

14.0-இல் 0.25-உம் 0.9-உம் கழித்தால் சார்ஜருக்குக் கிடைப்பது 12.85. அது 13.1-க்குக் கீழே, அதனால் அணைகிறது. அணைந்ததும் கரண்ட் நின்று 14.0 திரும்பி வருகிறது, மறுபடி எரிகிறது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

அப்புறம் ஒரு முனையை அங்கேயே வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினார்: குமிழ், கிளாம்ப், சேசிஸ், சீட் போல்ட், லக். போல்ட்டுக்கும் லக்குக்கும் இடையில் மட்டும் 0.7 வோல்ட். 38 ஆம்பியரில் அது 26 வாட்டுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அங்கே எரிந்துகொண்டிருப்பதற்குச் சமம். கையை வைத்தேன், சுட்டது. கழற்றிப் பார்த்தால் லக்குக்கு அடியில் முழுப் பெயிண்ட். நூலளவு இடத்தில்தான் இரும்பு தெரிந்தது. குழந்தைகள் படுக்கும் இடத்துக்கு ஒரு முழத்தில் அது இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் பதறுகிறது.

உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து மாட்டினால் அந்த 0.7 வோல்ட் 0.05 ஆனது. ஆனாலும் நான் அதோடு விடவில்லை. பாடித் தகரங்கள் ஸ்பாட் வெல்டில் நிற்பவை, இரண்டு மழைக்காலம் போனால் துரு ஏறும். பாசிட்டிவ்வைப் போலவே 16 ஸ்கொயர் எம்எம் நெகட்டிவ் கேபிள் ஒன்றையும் இழுத்து, வண்டி பேட்டரியின் எர்த் பட்டை சேசிஸில் சேரும் இடத்தில் மாட்டிவிட்டேன். மேலே வாசலின் தடவினேன். இப்போது முழு லோடில் சார்ஜர் முனையில் 13.4 வோல்ட்.

செட்டிங்

லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றும் வோல்டேஜ் 14.2, ஃப்ளோட் (முழுதாக ஏறிய பின் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 13.5, ஈக்வலைசேஷன் (ஆசிட் பேட்டரிக்காக வோல்டேஜை மேலும் ஏற்றும் வசதி) கண்டிப்பாக அணைத்திருக்க வேண்டும். உங்கள் பேட்டரியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள். அணையும் வோல்டேஜை மறக்காமல் 13.1-க்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் நின்ற வண்டியின் பேட்டரியை உறிஞ்சிவிடும். ஆம்பியர் பார்க்க, கேபிளைச் சுற்றிக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டர் வாங்குவதானால் டிசி அளப்பதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவானவை பெரும்பாலும் ஏசி மட்டும்தான் அளக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்க எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 60 ஏஎச் ஏறிவிடுகிறது, இரவுக்கு அது தாராளம்.

பின்சேர்க்கை 1: 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டியில் சார்ஜர் அடிக்கடி அணைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எர்த்தைப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் உங்களுடையது ஸ்மார்ட் டைனமோவாக இருக்கலாம். சீராக ஓடும்போது அது வேண்டுமென்றே வோல்டேஜை 12.5 வரை இறக்கும். வோல்டேஜை வைத்து என்ஜினைக் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு, சாவி ஆனில் மட்டும் 12 வோல்ட் வரும் வயர் ஒன்றை ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சார்ஜரின் ரிமோட் முனையில் கொடுங்கள். அந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சென்சார் இருக்கும். உங்கள் நெகட்டிவ்வைக் குமிழில் மாட்டினால் அது கணக்குத் தப்பும். சேசிஸ் பக்கம் மாட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: ஜனவரியில் ஊட்டியில் காலையில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒருவர் கேட்டார். லித்தியம் செல் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெடும், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டான பிஎம்எஸ் நல்லதாக இருந்தால் அதைத் தடுத்துவிடும். அவர் பேட்டரியை வண்டிக்கு வெளியே, கீழே பெட்டியில் வைத்திருந்தார். உள்ளே மாற்றச் சொன்னேன்.

பின்சேர்க்கை 3: வீட்டு இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரியையே வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், வளைவில் ஆசிட் தளும்பும், 150 ஏஎச் என்றால் 50 கிலோவுக்கு மேல் எடை. நாலு பேர் படுக்கும் மூடிய வேனுக்குள் அது இருக்கக் கூடாது. பட்ஜெட் இடித்தால் சீல் செய்த ஏஜிஎம் பேட்டரி (ஆசிட் தளும்பாமல் கண்ணாடி இழை விரிப்பில் ஊறி நிற்கும் வகை) வாங்குங்கள். அதற்குச் சார்ஜரில் 14.4 வோல்ட், ஃப்ளோட் 13.6 அளவில் வைத்து, தாளோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கேபிளும் ஃபியூஸும் எர்த்தும் மேலே சொன்னபடியேதான்.