குழந்தைக்கு நிலாவின் பெயர் வைப்பது எப்படி? டர்பனிலிருந்து ஒரு செய்முறை

எங்கள் பக்கம் மூன்சாமி என்று ஒரு குடும்பப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அதன் முதல் நான்கு எழுத்து அச்சு அசலாக நிலாவுக்கான ஆங்கிலச் சொல். என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "அப்போ நாங்க நிலாச்சாமியா டீச்சர்?" இல்லை கண்ணு, நீங்கள் முனுசாமி. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். 'உ' சத்தம் வந்த இடத்தில் இரண்டு 'ஓ' போட்டார்கள். முனுசாமி மூன்சாமி ஆனார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், குழந்தைக்கு நிலாப் பெயர் தேடி வருகிற இளம் அப்பா அம்மாக்கள் கைப்பேசியில் நீளமாக ஒரு பட்டியலோடு வருகிறார்கள். அதில் மூன்சாமிகள் நிறைய. நிலா மாதிரி தெரியும், நிலா இருக்காது. பட்டியலை எப்படிச் சலிப்பது, மிஞ்சியதில் எப்படி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். பெயர்ப்பொருள் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் இது போதும்.

தேவையானவை: ஒரு நோட்டு, பேனா, குழந்தை பிறந்த சரியான நேரம், பஞ்சாங்கம், சத்தமாகக் கூப்பிடக்கூடிய ஒரு ஆயா அல்லது தாத்தா.

படி 1: நாளை எண்ணுங்கள்

தென்னாப்பிரிக்காவில் பிறப்பை 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, கூடுதல் காகிதம், கூடுதல் வரிசை. பதினாறாம் நாள் பூஜையில்தான் பெயர் வைப்போம் என்கிற வீடாக இருந்தால் மீதி 14 நாள்தான். அதனால் பட்டியலைக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

படி 2: எந்த நிலா என்று முடிவு செய்யுங்கள்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தி, நிலா என்றே பொருள்படும் சொல். தமிழில் நிலா, வெண்ணிலா, மதி, திங்கள், பிறை, அம்புலி. வடமொழியில் சந்திரன், இந்து, சோமன். அரபியில் கமர், பிறைக்கு ஹிலால், முழுநிலாவுக்கு பத்ர். லத்தீனில் லூனா, கிரேக்கத்தில் செலீன். எபிரேயத்தில் லெவானா. அந்த மொழியில் 'வெள்ளை' என்கிற சொல்லோடு சேர்ந்தது அது. கிட்டத்தட்ட நம் வெண்ணிலா! மங்கோலிய மொழியில் சரங்கெரெல் என்றால் நிலவொளி.

இரண்டாவது பத்தி, நிலாவின் குணத்தையோ அடையாளத்தையோ சொல்லும் பெயர். ஹிமான்சு என்றால் குளிர்ந்த கதிர் உடையவன். ராகேஷ் என்ற பெயரில் நிலா இருப்பது பல ராகேஷ்களுக்கே தெரியாது. ராகா என்றால் பௌர்ணமி, ராகேஷ் அதன் தலைவன். சசி என்றால் முயலை உடையது. நிலாவின் கறையில் நம் ஊரில் முயல் தெரிகிறது இல்லையா, அந்த முயல்.

இங்கே ஒரு கிளைக்கதை. இந்த மண்ணின் பழங்குடிகளான சான், கோய் மக்களிடமும் நிலாவும் முயலும் சேர்ந்த கதை உண்டு. "நான் தேய்ந்து செத்து மறுபடி வருவதுபோல மனிதர்களும் திரும்பி வருவார்கள்" என்று சொல்லச் சொல்லி நிலா முயலைத் தூது அனுப்பியதாம். முயல் செய்தியைக் குழப்பிவிட, கோபத்தில் நிலா அதன் உதட்டைப் பிளந்துவிட்டதாம். இந்தியாவிலும் முயல், இங்கேயும் முயல். சசிகலா என்று பெயர் வைத்தால் பிள்ளைக்குச் சொல்ல இரண்டு கதை கையில் இருக்கும்.

மூன்றாவது பத்தி, தெய்வத்தின் வழியாக வருவது. சந்திரசேகரன், பிறைசூடன், சோமசுந்தரம் மூவரும் சிவன்தான். நிலா அவர் தலையில் இருக்கிறது. சிந்தியாவும் இந்த வகை. கிரேக்கத் தீவான டெலோசில் உள்ள கிந்தோஸ் மலையைச் சேர்ந்தவள் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அந்த மலையில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தைப் பிற்பாடு நிலாவோடு சேர்த்ததால் பெயரிலும் நிலா வந்து ஒட்டிக்கொண்டது. தவறில்லை. ஆனால் யாராவது கேட்டால் 'சிந்தியா என்றால் நிலா' என்று ஒரே போடாகப் போடாதீர்கள்.

படி 3: ஒவ்வொரு பெயரையும் 'நீ எந்த மொழி?' என்று கேளுங்கள்

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பாதிப் பட்டியல் இங்கேதான் அடிபடும்.

சஹர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் பிறைநிலா. அதே ஓசையில் அரபியில் விடியலுக்கு முந்திய நேரம். நோன்புக்கு ஸஹர் சாப்பிட எழுவதைச் சொல்கிறோமே, அதே சொல். அய்லா துருக்கியில் நிலாவைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம், எபிரேயத்தில் ஒரு மரம். துருக்கியில் நிலாவுக்கே 'ஆய்' என்றுதான் பெயர், அதனால் அய்லின், அய்சல் எல்லாம் நிலாப் பெயர்கள். ஆனால் அய்ஷே அப்படி இல்லை, அது அரபி ஆயிஷாவின் துருக்கி வடிவம். (நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் 'ஆய்' என்று எதைச் சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். துருக்கிப் பெயர் வைக்கிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.)

ஜப்பானில் இன்னும் சிக்கல். மிசுகி என்ற பெயரை 'அழகு', 'நிலா' என்ற இரண்டு எழுத்தால் எழுதினால்தான் நிலா. அதே ஓசையை வேறு எழுத்துகளால் எழுதினால் நிலா காணாமல் போய்விடும்.

சரி, நம் ஊர் மொழிகளுக்கு வருவோம். அப்பா ஜூலு, அம்மா தமிழ் என்று ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவர ஜூலு நிலாப் பெயர் ஒன்று வேண்டும் என்றார்கள். அவர்கள் பட்டியலில் மூன்று பெயர். க்வேசி: அது விடிவெள்ளி, நிலா இல்லை. நலேடி: சோத்தோ, ஸ்வானா மொழிகளில் நட்சத்திரம். ஜோகன்னஸ்பர்க் அருகே ரைசிங் ஸ்டார் குகையில் கிடைத்த ஆதிமனித இனத்துக்கு 2015-இல் ஹோமோ நலேடி என்று பெயர் வைத்ததும் அந்தக் குகையின் பெயரில் இருக்கும் நட்சத்திரத்தை வைத்துத்தான். மூன்றாவது இன்யாங்கா. இது நிஜமாகவே நிலா. ஆனால் ஜூலுவில் இன்யாங்கா என்றால் மூலிகை வைத்தியரும்கூட. 'வைத்தியரே' என்று பிள்ளையைக் கூப்பிட அப்பாவின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இன்யாங்கா என்றால் மாதம் என்றும் பொருள். நமக்குத் திங்கள் நிலாவாகவும் மாதமாகவும் இருப்பதுபோலவே. இதைச் சொன்னதும் அந்த அப்பா சிரித்தார். கடைசியில் க்வேசியையே வைத்தார்கள், நட்சத்திரம் என்று தெரிந்தே. அதுவும் நல்ல முடிவுதான்.

தமிழ்ப் பெயர் என்றால் சோதிக்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். 'மதி' நம்மை நன்றாக ஏமாற்றும். நிலா என்கிற மதி ஒன்று, அறிவு என்கிற வடமொழி மதி இன்னொன்று. மதிவதனி நிலாமுகத்தாள். சுமதி நல்லறிவு உடையவள், அங்கே நிலா இல்லை. இந்துமதியில் நிலா 'இந்து'வில்தான் இருக்கிறது. பின்னால் வரும் மதி 'உடையவள்' என்கிற விகுதி, வசுமதியில் வருவதுபோல. அப்புறம் சந்தியா. ஓசையைப் பார்த்துச் சந்திரனோடு சேர்த்துவிடுகிறார்கள், அது அந்திப்பொழுது.

படி 4: நட்சத்திர எழுத்தைப் பாருங்கள்

நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஜன்ம நட்சத்திரம் என்பது, குழந்தை பிறந்தபோது நிலா எந்த நட்சத்திரத்தில் இருந்ததோ அது. நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளுக்குச் சற்று மேல் ஆகும், நட்சத்திரம் 27. ஆக, நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஒரு எழுத்து, மொத்தம் 108. கோயில் ஐயர் எழுத்துக் கொடுத்துப் பெயர் வைத்த எல்லாருக்கும் முதலெழுத்தைச் சொன்னது நிலாதான், பெயர் ராஜேஷ் என்றே இருந்தாலும்.

டர்பனில் நாம் சறுக்குவது நேரத்தில். சென்னையில் அச்சிட்ட பஞ்சாங்கத்தில் இருப்பது இந்திய நேரம். நாம் மூன்றரை மணி நேரம் பின்னால். பஞ்சாங்கத்தில் 'அனுஷம் காலை 8.15 வரை' என்று போட்டிருந்தால் டர்பனில் அது விடிகாலை 4.45 வரைதான். பிள்ளை காலை 6 மணிக்குப் பிறந்திருந்தால் அனுஷம் முடிந்து கேட்டை வந்துவிட்டது. கழிக்காமல் பார்த்தால் அனுஷம் என்று எழுதி, 'நி' எழுத்துக்கு நிலா என்று பெயரும் வைத்துவிடுவீர்கள். கேட்டையின் எழுத்துகள் நோ, ய, யி, யு. நிலா அங்கே உட்காராது.

நிலாப் பெயர்களுக்கு ஒத்துவரும் நட்சத்திரம் சில: நிலாவுக்கு அனுஷம், மதிக்கு மகம், இந்துவுக்குக் கார்த்திகை, பிறைக்கு உத்திரம், பூரணிக்கு அஸ்தம், திங்களுக்கு விசாகம். 'வெ' என்பதை 'வே' கணக்கில் எடுத்துக்கொண்டால் வெண்ணிலாவுக்கு மிருகசீரிடம். சந்திராவும் சசியும் தமிழில் ஒரே 'ச'. ஆனால் வடமொழி ஓசைப்படி சந்திரா ரேவதிக்கு, சசி சதயத்துக்கு. வேடிக்கைக்குச் சொல்கிறேன், லூனா பரணிக்குக் கச்சிதம்.

படி 5: கத்திப் பாருங்கள், ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்

மிஞ்சிய மூன்று நான்கு பெயர்களை ஆயாவிடம் கொடுத்துக் கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். இரண்டு அசைப் பெயர் பிழைக்கும். நாலு அசைக்கு மேல் போனால் ஒரு வாரத்தில் சுருக்கிவிடுவார்கள். எப்படிச் சுருங்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பிறகு ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். பள்ளியில், வங்கியில், அடையாள அட்டையில் எல்லாம் அதுதான் இருக்கப்போகிறது. நிலாவும் நீலாவும் அங்கே ஒன்றாகிவிடும். திங்கள் என்று எழுதினால் முதல் ஐந்து எழுத்து 'பொருள், சாமான்' என்று வாசிக்கப்படும், வகுப்பில் சும்மா விடமாட்டார்கள். அம்புலி இரண்டே நாளில் ஆம்புலன்ஸ் ஆகும். மதியழகியின் 'ழ'வுக்கு அவர்கள் போடும் இரண்டு எழுத்தை இங்கே ஒருவரும் சரியாகப் படித்து நான் கேட்டதில்லை. மதி என்பது இன்னும் பாவம். ஆங்கிலத்தில் எழுதினால் மதியும் மத்தியும் ஒன்று. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊர் இது. வீட்டில் மீன் பிடிக்கிற மாமா ஒருவர் இருந்தால் அந்தப் பெயரின் கதி என்ன என்று யோசியுங்கள்.

சந்திரா எங்கும் தேறிவிடும். 1983-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக, 1999-இல் விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு நாசா சந்திரா என்றுதான் பெயர் வைத்தது. அவ்வளவு நீளப் பெயரில் உலகம் வாயில் போட்டுக்கொண்டது அந்தத் துண்டைத்தான்.

என்னைக் கேட்டால் இளம்பிறை. எழுதக் கொஞ்சம் நீளம், சரிதான். ஆனால் 'இளா' என்று கூப்பிட வரும், வேறு எந்தச் சொல்லோடும் மோதாது. என் தங்கை மகளுக்கு அதைத்தான் வைத்தோம்.

படி 6: அழைப்பிதழில் பிறையைத் திருப்புங்கள்

பூஜைக்கு அட்டை அடிக்கிறவர்களுக்கு மட்டும். தங்கை மகளுக்கு அட்டை அடித்தபோது அச்சகத்தில் கணினியில் தயாராக இருந்த பிறைப் படம் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார்கள். வலப்பக்கம் வெளிச்சம், இடப்பக்கம் இருட்டு. நானும் கவனிக்கவில்லை. இருநூறு அட்டை வந்தபிறகு, சாயந்திரம் வாசலில் உட்கார்ந்திருந்த என் அப்பா மேற்கே நின்ற மூன்றாம் பிறையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது தேய்பிறைம்மா" என்றார்.

பூமத்தியரேகைக்கு வடக்கே வளர்பிறைக்கு வலப்பக்கம் வெளிச்சம். தெற்கே இருக்கும் நமக்கு நிலா தலைகீழ், அதனால் வளர்பிறையின் வெளிச்சம் இடப்பக்கம், கொஞ்சம் கீழே சாய்ந்து. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் படகுபோலப் படுத்திருக்கும். முயலும் நமக்குக் கவிழ்ந்துதான் தெரியும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வரைந்த படங்களில் இதெல்லாம் இருக்காது.

ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தை 180 பாகை சுற்றச் சொல்லுங்கள். ஒரு நொடி வேலை. நாங்கள் செய்தது வேறு: பிறையின் மேல் ஒரு மஞ்சள் பொட்டு ஒட்டி முழுநிலாவாக்கிவிட்டோம். இருநூறு அட்டைக்கும் ஒட்டி முடிக்க இரவு பதினொன்று ஆயிற்று.