பல்கலைக்கழகத்தில் பாகுபாடு: புகார் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"விரிவுரையாளர் எங்களை இனவாதத்தோடு நடத்துகிறார்." கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம் பிள்ளைகளின் புகார்க் கடிதங்களில் அடிக்கடி பார்க்கும் வரி இது. அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் இது அவர்கள் எடுத்த முடிவு. விசாரிக்கும் அதிகாரிக்கு நடந்த சம்பவம் வேண்டும்.

இப்படி எழுதுங்கள்: "செவ்வாய்க்கிழமை காலை டுட்டோரியலில், 'யாங் இந்தியா டூடோக் பெலாக்காங்' (இந்தியர்கள் பின்னால் உட்காருங்கள்) என்று எங்கள் நான்கு பேரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். மற்றவர்களை விரும்பிய இடத்தில் உட்கார விட்டார்." அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மற்றவர்களை எப்படி நடத்தினார் என்று காட்டினால்தானே அது பாகுபாடு என்று புரியும்? மலாயில் பேசினால் மலாயிலேயே, பேசியபடியே எழுதுங்கள். கூச்சப்பட்டு "கெட்ட வார்த்தை" என்று மூடி மறைக்காதீர்கள். கூச வேண்டியது நீங்கள் அல்ல. அன்றைக்கு இரவே எழுதிவிடுங்கள். கூட இருந்த நண்பர் தாம் கண்டதைத் தம் வார்த்தையில் எழுதட்டும். நாலு பேரும் ஒரே கடிதத்தை நகல் எடுத்துக் கொடுத்தால், பேசி வைத்துக்கொண்டு எழுதியது போலத் தெரியும்.

மாணவர் விவகாரப் பிரிவில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. மின்னஞ்சல் அனுப்பி, கிடைத்ததற்குப் பதில் கேளுங்கள். டிக்டாக், முகநூல் பக்கம் முதலில் போகாதீர்கள். பெயர் போட்டுத் திட்டினால் அவதூறு வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம். மதிப்பெண் மறுபரிசீலனைக்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு உண்டு. புகாருக்குள் அதைக் கலக்க வேண்டாம்.

அப்புறம், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்லும் கூட்டரசு அரசியலமைப்பின் 8வது பிரிவை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதும் தவறு. கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அரசியலமைப்பு உரிமைகள் சட்டமன்றத்துக்கும் அரசுக்கும் எதிராகத்தான் செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. தனியார் கல்லூரி மாணவருக்கு இது பெரிய இடி. அதனால் உங்கள் கல்விக்கூடத்தின் நடத்தை விதிகளில் எது மீறப்பட்டது என்பதையும் தேடி எழுதுங்கள்.

பாலியல் தொல்லை என்றால் வழி வேறு. 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறது. 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர உத்தரவிடலாம். மற்றபடி, உள்ளே பதிலே வராவிட்டால் சுஹாகாம் மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். அதே விஷயம் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் அவர்கள் விசாரிக்க முடியாது. ஆகவே வழக்கறிஞரைப் பார்க்கும்போதே எதை முதலில் செய்வது என்று கேட்டுவிடுங்கள்.