நல்லர்பார் சமவெளியைக் கேம்பர்வேனில் கடப்பது எப்படி: முதல்முறை ஓட்டுநர்களுக்கான பாதுகாப்பு வழிமுறை

படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வேன்தான் கேம்பர்வேன். நல்லர்பார் சமவெளியைக் கடக்கத் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை அயர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,200 கி.மீ. முழுக்கத் தார்ச்சாலை. நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். ஓட்டுவது சிரமமே இல்லை. ஆனால் வண்டி நின்றுவிட்டால் உதவி வந்து சேர மணிக்கணக்காகும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான்.

1. வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போதே

டயரில்தான் தொடங்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஏழெட்டு வருடம் ஆன டயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். ரப்பர் இறுகிப்போய் வெயிலில் வெடிப்பது அதுதான். காற்றை வண்டி ஓடும் முன்பே, டயர் சூடாகாத நேரத்தில், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பாருங்கள். தண்ணீர், சாமான், ஆட்கள் என்று ஏற்றியபின் பின்சக்கரங்கள்தான் பாரம் தாங்குகின்றன. அங்கே காற்று குறைந்தால் டயர் வளைந்து வளைந்தே சூடேறும்.

ஸ்டெப்னியும் ஜாக்கியும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, ஒருமுறை வெளியே எடுத்தே பார்த்துவிடுங்கள். வழியில் சக்கரம் மாற்ற நேர்ந்தால் 50 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

ஓடும்போது கேஸ் சிலிண்டரை மூடி வையுங்கள். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்பும் மூடியிருக்க வேண்டும். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டியில் படுத்துத் தூங்காதீர்கள்.

2. எரிபொருள்

வழியில் எரிபொருளும் சாப்பாடும் தங்கலும் தரும் சாலையோர விடுதிகளை ‘ரோட்ஹவுஸ்’ என்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முந்தைய இடத்திலிருந்து தூரம் இது: செடூனா தாண்டினால் பெனாங் 73 கி.மீ., நன்ட்ரூ 79, நல்லர்பார் ரோட்ஹவுஸ் 145, பார்டர் வில்லேஜ் ஏறத்தாழ 184, யூக்லா 12, மண்ட்ரபில்லா 66, மதுரா 116, காக்கில்பிடி 91, கைகூனா 65, பலடோனியா 182, நார்ஸ்மன் 191.

100 கி.மீ.க்கு 13 லிட்டர் குடிக்கும் டீசல் வேன் பலத்த எதிர்க்காற்றில் 17 வரை போகலாம். அப்படியே வைத்தாலும் மிக நீண்ட இடைவெளிக்கு 33 லிட்டர் போதும். அப்படியிருந்தும் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். அடுத்த இடத்தில் விலை குறைவாக இருக்கும் என்று ஒரு பங்கைத் தாண்டி விடுகிறார்கள். போய்ச் சேரும்போது இரவாகி அது பூட்டிக் கிடக்கிறது, அல்லது பம்பு பழுது. பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். விலையைப் பார்க்கும் சாலை இதுவல்ல.

3. தண்ணீரும் சாப்பாடும்

நல்லர்பார் என்றால் லத்தீனில் ‘மரமில்லாதது’. நிலத்தின் மேல் ஆறு, ஏரி கிடையாது. ரோட்ஹவுஸ்களில் டேங்கை நிரப்பத் தண்ணீர் தருவார்கள் என்று நம்ப வேண்டாம். வண்டியின் தண்ணீர் டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு பேருக்குக் குடிக்க மட்டும் 20 லிட்டர் தனிக் கேனில் இருக்கட்டும், கோடையில் 30. இங்கே 2019 டிசம்பர் 19-இல் 49.9 டிகிரி செல்சியஸ் பதிவானது.

மேற்கே போகிறவர்களிடம் பார்டர் வில்லேஜில் சோதனை உண்டு. பழம், பச்சைக் காய்கறி, தேன் ஆகியவற்றை அங்கே ஒப்படைக்க வேண்டும். அவற்றையே நம்பிப் போனவர் அதற்குப் பிறகு வெறும் பெட்டியோடு போக நேரும். அரிசி, பருப்பு, டின் உணவு என்று இரண்டு நாளுக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பர் இறுதியில் காட்டுத்தீயால் இந்தச் சாலையின் மேற்குப் பகுதியை மூடினார்கள். பயணிகள் பல நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. புறப்படும் நாள் காலையில் இரண்டு மாநிலங்களின் சாலை நிலவர அறிவிப்புகளையும் பாருங்கள்.

4. பொழுது சாயும் முன் நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதுவாக இருக்கட்டும். கங்காரு, வாம்பட், ஒட்டகம் எல்லாம் விடியலிலும் அந்தியிலும்தான் சாலைக்கு வரும். மேற்கே போகும்போது அந்தியில் சூரியனும் நேராகக் கண்ணில் அடிக்கும்.

இதில் கடிகாரம் ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய (அடிலெய்ட்) நேரத்துக்கும் மேற்கு ஆஸ்திரேலிய (பெர்த்) நேரத்துக்கும் ஒன்றரை மணி வித்தியாசம் (கோடையில் இரண்டரை). ஜூன் மாதம் எல்லையருகே சூரியன் மறைவது அடிலெய்ட் கணக்கில் ஏறத்தாழ ஆறு மணி, பெர்த் கணக்கில் நாலரை. நடுவில் உள்ள ரோட்ஹவுஸ்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட தனி நேரம் வைத்திருக்கின்றன. கைபேசி எதைக் காட்டுமோ தெரியாது. அதனால் மணியைப் பார்த்து ஓட்டாமல், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

பகலில் விலங்கு குறுக்கே வந்தால் நேராகவே பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். உயரமான வேன் சரளை ஓரத்தில் இறங்கினால் கவிழ்ந்துவிடும்.

மூன்று இரவுத் தங்கல் சரியாக வரும்: நல்லர்பார் ரோட்ஹவுஸ், மண்ட்ரபில்லா, கைகூனா. கைகூனாவுக்கும் பலடோனியாவுக்கும் நடுவே 146.6 கி.மீ. வளைவே இல்லாத நேர்ச்சாலை வருகிறது. அங்கே தூக்கம் கண்ணைச் சொருகும். கடைசி நாள் காலையில் தெளிவாக இருக்கும்போது அதைக் கடப்பதுதான் நல்லது. எப்படியும் இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள்.

5. ரோடு டிரெய்ன்

தொடர்வண்டி போல இழுவைகள் கோத்த லாரிகள், 36.5 மீட்டர் நீளம் வரை. பின்னால் ஒன்று வந்தால் ஓரம் கட்ட வேண்டாம். உங்கள் தடத்திலேயே ஒரே வேகத்தில் போங்கள். அது வலப்பக்கம் ஏறியபின் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் போதும். கடக்கும்போது காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோ வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். லாரிக்காரர்கள் 40-ஆவது சேனலில் பேசுவார்கள்.

6. வண்டி நின்றுவிட்டால்

ரோட்ஹவுஸ்களைத் தாண்டினால் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்திருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அதை இயக்க வேண்டும். சிக்னல் இருக்கும் இடத்தில் அவசர எண் 000-ஐ அழையுங்கள்; எந்த நிறுவனத்தின் சிக்னல் ஆனாலும் போகும். ரேடியோவில் அவசரத்துக்கு 5-ஆவது சேனல்.

முடிந்தவரை சாலையை விட்டு விலக்கி நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வையுங்கள். சில இடங்களில் சாலையிலேயே பியானோ கட்டை போல வெள்ளைக் கோடுகள் வரைந்திருக்கும். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்கும் பட்டைகள் அவை. அங்கே நிறுத்தக் கூடாது.

வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். அதன் நிழலில் உட்கார்ந்து, தண்ணீரைத் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பகலில் இந்தச் சாலையில் லாரிகள் வந்துகொண்டேதான் இருக்கும். கை காட்டினால் நிறுத்துவார்கள்.