கல்லூரி ஃபுட்பால் அணிக்குத் தேர்வாக: வீடியோவும் மதிப்பெண்ணும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) இடம் தேடும் பள்ளி மாணவரா? ஹைலைட் வீடியோவை மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். ஆகச் சிறந்த ஐந்து காட்சிகள் முதலிலேயே வரட்டும். பயிற்சியாளர்கள் கடைசிவரை பொறுத்திருப்பதில்லை. ஒவ்வொரு காட்சியிலும் பந்து ஸ்னாப் ஆவதற்கு (பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்குவதற்கு) முன் ஒரு நொடி நிறுத்தி, உங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் 22 பேரில் உங்களைத் தேடுவதற்குள் காட்சியே முடிந்துவிடும். ஸ்லோமோஷன் வேண்டாம், கால் வேகம் தெரியாது. லைன்மேன் (முன்வரிசையில் எதிராளியோடு மோதுபவர்) என்றால் விசில் வரை காட்சியை வெட்டாதீர்கள். எதிராளியை விடாமல் தள்ளுகிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பலர் சறுக்குவது படிப்பில்தான். டிவிஷன் 1-க்கு (கல்லூரி விளையாட்டு அமைப்பான NCAA-வின் உயர்மட்டப் பிரிவு) உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரி வேண்டும். ஏழாவது செமஸ்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) தொடங்குமுன் 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியல். அந்த மதிப்பெண்களைப் பிறகு திரும்பப் படித்து உயர்த்த முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக் கவுன்சிலரோடு உட்கார்ந்து பாடப்பட்டியலைச் சரிபாருங்கள்.