கீசர் சரியாகச் சூடாகவில்லையா? எலிமென்டை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

"தண்ணீர் முன்பு போலச் சூடாவதில்லை" என்று சொன்னதும், பழுதுபார்க்க வருபவர்களில் பலர் முதலில் கழற்றுவது, உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் பாகமான எலிமென்டைத்தான். பல வீடுகளில் அதன்மேல் குற்றமே இருப்பதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது ஒன்றுதான்: ஸ்குரூடிரைவரைத் தொடும் முன் வோல்டேஜையும் ஆம்பியரையும் அளந்துவிடுங்கள்.

வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. அதன் அலகு ஓம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது மின்திறன்; அலகு வாட். முதல் கணக்கு, ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் எங்கே, எப்போது அளக்கிறோம் என்பதில்தான் விடையின் நம்பகம் இருக்கிறது.

இரண்டையும் கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். 230 வோல்ட்தான் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். ஆம்பியரை அளக்க, வயரை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். அதன் வாய்க்குள் ஃபேஸ் வயர் (மின்சாரம் வரும் வயர்) மட்டும் போக வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) சேர்ந்து போனால் ஒன்றையொன்று ஈடுசெய்து பூஜ்யம் காட்டும். இதற்காகவே வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்த ஒரு சிறிய 16 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் என் பையில் எப்போதும் இருக்கும். சாதாரண மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து சாக்கெட்டுக்குள் மட்டும் நுழைத்துவிடாதீர்கள். அந்த நிலையில் மீட்டரின் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம். 230ஐ அவ்வளவு சிறிய எண்ணால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் பாயும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார வேலையில் பழக்கமில்லாதவர்கள் அளக்கும் பொறுப்பை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு, எண்களை மட்டும் கேட்டு வாங்கிக் கணக்குப் போடலாம்.

கடந்த மார்கழியில் ஒரு வீட்டில் 15 லிட்டர் கீசர். மேலே ஒட்டியிருந்த தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருந்தது. தகட்டிலிருந்தே மின்தடையைக் கண்டுபிடிக்கலாம்: வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். ஓடும்போது அளந்தால் 195 வோல்ட், 7.4 ஆம்பியர். 195 ÷ 7.4 = 26.35 ஓம். தகட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆக எலிமென்ட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 195 × 7.4 = 1443 வாட்தான். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்ததற்கே திறன் 28 சதவீதம் போய்விட்டது. வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்குவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட்டில் சுமார் 16 நிமிடம் ஆகும். இங்கே 22 நிமிடம். வீட்டுக்காரர் புகார் சொன்னதில் பிழையே இல்லை.

வோல்டேஜ் எங்கே போகிறது? அதையும் இதே வகுத்தல்தான் காட்டிக்கொடுத்தது. கீசரை அணைத்தால் சாக்கெட்டில் 204 வோல்ட், போட்டால் 195. அதே சமயம் மெயின் சுவிட்சில் 204 வோல்ட் 203 ஆனதோடு சரி. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியதால் வந்த இறக்கமாக இருக்கக்கூடாது என்பதற்காகச் சில முறை போட்டு அணைத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. ஆகவே வீட்டு வயரிங்குக்குள்ளேயே 8 வோல்ட் காணாமல் போகிறது. 8 ÷ 7.4 = 1.08 ஓம். மெயினிலிருந்து குளியலறைக்கு 10 மீட்டர்; போக வர 20 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அதற்கு 0.15 ஓம் அளவுதான் இருக்க வேண்டும். மிச்சம் ஏதோ ஓர் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. 8 × 7.4 = 59 வாட்; அதில் பெரும்பகுதி ஒரே புள்ளியில் வெப்பமாகிக்கொண்டிருந்தது. ஈயம் உருக்க நான் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைத் திறந்தால் நியூட்ரல் திருகு தளர்ந்து, வயரின் உறை பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தது. கருகிய முனையை வெட்டிவிட்டுப் புது சாக்கெட் போட்டதும் 202 வோல்ட், 7.6 ஆம்பியர், 1535 வாட். மீதிக் குறை தெரு லைனில்; அது மின்வாரியம் பார்க்க வேண்டியது.

இந்தக் கணக்கு கீசர், இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் ராடு போன்ற சூடாக்கும் சாமான்களுக்கு அப்படியே பொருந்தும். இவற்றின் நிக்ரோம் கம்பியில் சூட்டால் மின்தடை அதிகம் மாறுவதில்லை. பழைய குண்டு பல்பு அப்படியல்ல: எரியும்போது 100 வாட் பல்புக்கு 529 ஓம், அணைந்து ஆறியபின் மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பார்த்து பல்பில் ஷார்ட் என்று முடிவு கட்டக்கூடாது.

மின்விசிறி, மோட்டாருக்கு வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர். உண்மையான வாட் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அவற்றுக்கு வீட்டு மின்மீட்டரையே பயன்படுத்துங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று மீட்டரில் அச்சிட்டிருந்தால், நிமிடத்துக்கு 4 சிமிட்டல் என்பது 75 வாட்.