சண்டை வராத வினாடி வினா: இலங்கையின் இடங்களை வைத்துக் கேள்வி தயாரிப்பது எப்படி

சனசமூக நிலையத்தில் நடக்கும் பொது அறிவுப் போட்டியில் வாக்குவாதம் கிளம்புவது பெரும்பாலும் ‘மிகப் பெரிய’, ‘மிக ஆழமான’ என்று தொடங்கும் கேள்வியில்தான். நம் திருகோணமலைத் துறைமுகத்தையே எடுங்கள். உலக இயற்கைத் துறைமுகங்களில் அதற்கு இரண்டாம் இடம் என்பார் ஒருவர், ஐந்தாம் இடம் என்பார் இன்னொருவர். ஆழத்தைப் பார்த்தா, பரப்பைப் பார்த்தா என்று இருவரும் சொல்லமாட்டார்கள். அதை விட்டுவிட்டு, “1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய இலங்கைத் துறைமுகம் எது?” என்று கேளுங்கள். சிலர் கொழும்பு என்று எழுதுவார்கள்; அங்கே குண்டு விழுந்தது ஏப்ரல் 5 இல். திகதி கேள்விக்குள்ளேயே இருப்பதால் நடுவருக்குத் தலையிடி இல்லை.

ஆண்டைப் பதிலாகக் கேட்டால் மனப்பாடம் செய்தவர் மட்டும் வெல்வார். அதையே கேள்விக்குப் பூட்டாக வையுங்கள்: “2003 இல் தேசிய பூங்காவான, நிலாவெளிக்கு எதிரேயுள்ள தீவு எது?” புறாமலையைத் தவிர வேறெதுவும் அதற்குள் நுழையாது.

அளவு கேட்பதானால் எதை, எங்கிருந்து அளக்கிறோம் என்று எழுதுங்கள். ‘பெரிய நீர்வீழ்ச்சி’ என்றால் உயரமா, நீரின் அளவா? ‘மிக உயரமான’ என்றால் பம்பரகந்த, 263 மீற்றர். அதோடு பேச்சு முடிந்தது. சிகிரியாவின் உயரத்தைக் கேட்கவே வேண்டாம். சுற்றியுள்ள தரையிலிருந்து அளந்த கணக்கும் கடல் மட்டத்திலிருந்து அளந்த கணக்கும் வெகு தூரம் விலகி நிற்கும். சிவனொளிபாதமலை எந்த மாவட்டம் என்ற கேள்வியும் வம்புதான். அது இரத்தினபுரி, நுவரெலியா எல்லையில் இருக்கிறது.

‘யார் கட்டியது?’ என்பதிலும் கவனம். திருகோணமலையிலுள்ள பிரட்ரிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கினர், ஒல்லாந்தர் 1639 இல் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டினர், ஆங்கிலேயர் 1795 இல் கைப்பற்றி இன்றைய பெயரை வைத்தனர். மூன்று அணிக்கும் மூன்று நியாயம் கிடைக்கும். “இப்போதைய பெயரை வைத்தவர்கள் யார்?” என்றால் ஒரே பதில்.

தெரிவுகள் கொடுத்தால் பிழையான தெரிவுக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். இலங்கையின் உயரமான மலைக்கு எவரெஸ்டைப் போட்டால் ஒருவரும் தொடமாட்டார். சிவனொளிபாதமலையைப் போடுங்கள், தனியாகக் கூம்பி நிற்பதால் அதுதான் உயரம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பீதுருதாலகால முதலாவது, கிரிகல்பொத்த இரண்டாவது.

20 கேள்வி தேவையென்றால் 30 எழுதுங்கள். போட்டியில் சேராத ஒருவரிடம் தெரிவுகள் காட்டாமல் வாசித்துக் காட்டுங்கள். “எந்த அர்த்தத்தில்?” என்று அவர் திருப்பிக் கேட்ட கேள்விகளை வெட்டுங்கள். மகாவலி கடலில் சேரும் குடாவை முதல் கேள்வியாக வையுங்கள். கொட்டியாரக் குடா என்று மூதூர்க்காரர் வாசித்து முடிக்குமுன் சொல்லிவிடுவார்கள், மண்டபம் கலகலப்பாகும். கன்னியாவில் எத்தனை வெந்நீர்க் கிணறு என்பதும் (ஏழு) அப்படித்தான். எது அதிகச் சூடு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

படச்சுற்றுக்குக் கறுப்பு வெள்ளைப் போட்டோ கொப்பி உதவாது. நீர்வீழ்ச்சி வெறும் வெள்ளைத் தீற்றலாகி, எல்லாம் ஒன்றுபோல் தெரியும். நிறத்தில், ஏ4 தாளுக்கு ஒரு படமாக எடுங்கள். சிகிரியாவென்றால் முழுக் குன்றைக் காட்டாமல் சிங்கப் பாதத்தின் நகங்களை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.

விடைத்தாளில் சிகிரியா, சீகிரியா என்று ஏற்கக்கூடிய எழுத்து வடிவங்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் இருமுறை வாசித்து 30 விநாடி கொடுங்கள். திருத்தும்போது அணிகள் தாள்களை மாற்றிக்கொள்ளட்டும்.

சமநிலை வந்தால் எண் கேள்வி ஒன்று போதும்: பீதுருதாலகாலவின் உயரம் மீற்றரில். 2,524 க்கு மிக அருகில் எழுதிய அணிக்கே வெற்றி.